ஆளுக்கொரு சதவீதம்

எங்கள் அலுவலகத்துக்கு ஜன்னல் கிடையாது. மழையை முன்கூட்டிச் சொல்வதற்கென்றே கட்டிய கட்டடத்தில் மழை பெய்கிறதா என்று எட்டிப் பார்க்க வழியில்லை. ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். வானத்தைப் பார்த்தால் உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் வந்துவிடும் என்றார்கள். அபிப்பிராயம் இல்லாத ஆள்தான் அந்த நாற்காலிக்குத் தேவையாம். ஆறு வருஷமாக அதில் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் கோமதி. மேற்கு மலையின் அடிவாரத்தில் இறங்கும் நாற்பத்திரண்டு ஓடைகளுக்கு வெள்ள எச்சரிக்கை தருகிற மையத்தில் பணி அதிகாரி. எச்சரிக்கையை நான் கணிப்பதில்லை, இயந்திரம் கணிக்கிறது. பெயர்ப்பலகையில் அதற்கு ஒன்றரை வரி நீளப் பெயர் இருக்கிறது. நாங்கள் கோடாங்கி என்போம், ஊரில் குறி சொல்கிறவர் மாதிரி. உடுக்கை இல்லை என்பதைத் தவிர வித்தியாசம் ஒன்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

மலையடிவாரத்து மழை மற்ற ஊர் மழை மாதிரி இல்லை. ஒரு கிராமத்தின் அகலமே உள்ள மேகம் ஒரேயொரு முகட்டில் வந்து நின்று, முக்கால் மணி நேரத்தில் ஒரு மாதத்து மழையைக் கொட்டிவிட்டுப் போகும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கணுக்கால் தண்ணீரில் குழந்தைகள் விளையாடுகிற ஓடையில் அரை மணி கழித்து இரண்டு ஆள் உயரத்துக்கு மரமும் பாறையுமாக வரும். இதைக் கண்டுபிடிக்க மலையெங்கும் கருவிகள் வைத்திருக்கிறோம். மரத்துக்கு மரம் மழைமானி, மண்ணின் ஈரத்தைப் பார்க்க ஊசிகள், தண்ணீருக்கடியில் கல் உருளும் ஓசையைக் கேட்க பாறைகளில் பதித்த காதுகள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இந்த ஓடையில் இன்னும் நாற்பது நிமிஷத்தில் வெள்ளம் வர இத்தனை சதவீத வாய்ப்பு என்று கோடாங்கி சொல்லும். அது அந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லோருடைய போனுக்கும் போகும்.

முதல் மூன்று வருஷம் நன்றாகத்தான் சொன்னது. ஆட்கள்தான் நகரவில்லை. ஓர் ஆடி மாதம் அருவித் தடாகம் ஒன்றில் குளித்துக்கொண்டிருந்த பதினோரு பேருக்கு நாற்பது சதவீதம் என்று செய்தி போனது. நாற்பது என்றால் வராமலிருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று அவர்களில் ஒருவர் பதில்கூட அனுப்பியிருந்தார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. பதினோரு பேரையும் மூன்று நாள் தேடினார்கள்.

அதற்கப்புறம் கமிட்டி போட்டு, கோடாங்கிக்கு இட்ட வேலையை மாற்றினார்கள். சரியாகச் சொல் என்பது பழைய உத்தரவு. சாவைக் குறை என்பது புதியது. யார் யார் செய்தி வந்ததும் நகர்கிறார்கள், யார் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்பதைப் போனை வைத்துப் பார்த்துக்கொள்ளவும் அதற்கு அனுமதி கொடுத்தார்கள். அடுத்த இரண்டு வருஷம் எங்கள் ஓடைகளில் ஒரு சாவு கிடையாது. எங்கள் இயக்குநர் பிரம்மநாயகம் சார் டெல்லிக்குப் போய்க் கேடயம் வாங்கிக்கொண்டு வந்தார். என்ன நடந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நல்லது நடக்கும்போது காரணம் கேட்கிற வழக்கம் அரசு அலுவலகத்தில் இல்லை.

எனக்கு விஷயம் தெரிந்தது என் அண்ணன் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில்.

அண்ணன் பெயர் குத்தாலிங்கம். எலுமிச்சை மொத்த வியாபாரம். யார் என்ன சொன்னாலும் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்வான். டாக்டர் பத்து நாள் மாத்திரை கொடுத்தால் ஐந்து நாள் சாப்பிடுவான். அன்று இலையில் உட்கார்ந்திருக்கும்போது அவன் போன் கூவியது. செம்பாறை ஓடை, எண்பது சதவீதம். அந்த ஓடை அவன் எலுமிச்சைத் தோப்பை ஒட்டிப் போகிறது.

"எண்பதாம்லா. அப்பம் நாப்பதுன்னு வச்சுக்கிடலாம்" என்று எழுந்து, தோப்பில் வேலை செய்கிறவர்களை மேட்டுக்கு ஏறச் சொல்லப் போன் செய்தான்.

அப்போது என் போனிலும் செய்தி வந்தது. அதே ஓடை, அதே நேரம். முப்பத்தைந்து சதவீதம்.

அண்ணன் மனைவியை மைனி என்பேன். அவள் போனை வாங்கிப் பார்த்தேன். அதில் பதினெட்டு. மைனி பயந்த சுபாவம். பதினெட்டுக்கே அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

மூன்று போன்களையும் இலைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். சாம்பார் ஆறிப்போனது.

மறுநாள் காலை பிரம்மநாயகம் சார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் நல்ல மனிதர். நெற்றியில் திருநீறும் கையில் எப்போதும் ஒரு பிளாஸ்குமாக இருப்பார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"ஆமாம்மா. ஆளுக்குத் தக்கன சொல்லுது."

"பொய் சொல்லுது சார்."

"உங்க அண்ணாச்சிக்கு நாப்பதுன்னு சொன்னா இருபதுன்னு நெனச்சுப் படுத்துக்கிடுவாரு. எண்பதுன்னு சொன்னாத்தான் எந்திரிப்பாரு. உங்க மைனிக்கு எண்பதுன்னு சொன்னா பதறிப்போய்ப் பிள்ளையத் தூக்கிட்டு ஓடி எங்கயாச்சும் விழுவாங்க. எல்லாரும் எந்திரிச்சாங்களா இல்லையா?"

"எந்திரிச்சாங்க."

"பொறவு என்ன? நம்பர் சரியா இருக்கணும்னு கமிட்டி கேக்கலம்மா. ஆள் நகரணும்னு கேட்டாங்க. அது நகத்துது."

"அப்போ உண்மையான நம்பர் எங்க இருக்கு?"

அவர் பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டார். "உங்க ஸ்கிரீன்ல வருதே, அதுதான். போனுக்குப் போறதுதான் ஆளுக்கு ஆள் மாறும். பணி அதிகாரிக்கு அசல் காட்டாம முடியுமா? சைரன் பொத்தான் உங்க கையிலல்லா இருக்கு."

எனக்குக் கோபம் முழுதாகப் போகவில்லை, ஆனால் அந்தப் பதிலில் ஒரு நிம்மதி இருந்தது. ஊருக்கெல்லாம் பொய் போகிறது, உண்மை என் மேஜைக்கு வருகிறது. இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கூடப் பிறந்தவனை ஓர் இயந்திரம் சின்னப் பிள்ளையை ஏய்ப்பது போல ஏய்க்கிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணன் கோபப்படவில்லை, சிரித்தான். "நான் பாதியாக்குதேன்னு தெரிஞ்சு அது ரெட்டிப்பாக்கிச் சொல்லுதாக்கும். வெவரமான கழுதைதான்." பிறகு சொன்னான். "இனிமே எனக்கு அது வேண்டாம். ஒன் ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அதச் சொல்லு. ஒன் பேச்சப் பாதியாக்க மாட்டேன்."

அவன் யார் பேச்சையும் முழுதாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அதிலிருந்து செய்தி வரும்போதெல்லாம் அண்ணன் மையத்துக்குப் போன் செய்வான். கட்டுப்பாட்டு அறைக்குள் சொந்தப் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் என் மேஜையிலிருக்கும் தொலைபேசிக்குத்தான் அடிப்பான். எடுத்ததும் "எங்க இருக்க?" என்று கேட்பான். மேஜைப் போனை எடுத்தவள் மேஜையில்தானே இருப்பாள் என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவன் வாய்க்கு அப்படித்தான் பழக்கம். நான் ஸ்கிரீனில் இருப்பதைச் சொல்வேன். ஏழெட்டு முறை இப்படி நடந்தது. ஒருமுறையும் தப்பவில்லை.

பங்குனி உத்திரம் வந்தது.

எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஆளாளுக்கு அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் குடும்பத்துக்குக் கரையடி சாஸ்தா. செம்பாறை ஓடைக்கு அக்கரையில், பாறைச் சுவரில் ஒட்டினாற்போல இருக்கிறார். பின்பக்கம் ஏற வழியில்லை. போகவும் வரவும் ஓடையைத்தான் தாண்ட வேண்டும். கோயிலுக்குக் கீழே, இக்கரையில், தண்ணீர் தேங்குகிற படித்துறை ஒன்று உண்டு, உத்திரத்தன்று குளிக்கிற கூட்டமெல்லாம் அங்கேதான். பங்குனியில் ஓடை பெரும்பாலும் மணல்தான். அந்த மணலிலேயே அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்பார்கள். குடும்பத்தில் மூத்த ஆண் முதல் பானையை ஏற்ற வேண்டும். அது பொங்கி வழிகிற வரைக்கும் அடுப்பை விட்டு ஆள் எழக் கூடாது. எழுந்தால் அந்த வருஷம் குடும்பத்தில் ஒரு காரியமும் பொங்காது என்பது எங்கள் ஐதீகம். அவசரத்துக்கு வேறொரு பங்காளி அந்த இடத்தில் உட்காரலாம். ஆனால் தலைக்குக் குளித்து ஈர வேட்டியோடுதான் உட்கார வேண்டும்.

எங்கள் அப்பா போனபிறகு பானை ஏற்றுவது அண்ணன். எனக்கு அன்றைக்குப் பணி. உத்திரத்தன்று விடுப்புக் கேட்கிற வழக்கத்தையே நான் விட்டுவிட்டேன். அன்றுதான் நாற்பத்திரண்டு ஓடைகளிலும் கூட்டம் இருக்கும்.

பதினோரு மணிக்கு மலைமேல் ஒரு மேகம் நின்றது. கோடைமழை மேகம். என் ஸ்கிரீனில் செம்பாறை ஓடை எட்டு சதவீதத்திலிருந்து பதினைந்துக்கு வந்து அங்கேயே நின்றது. மஞ்சள்கூட இல்லை, பச்சை. இருபத்தைந்துக்கு மேலே போனால்தான் நான் சைரனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பதினொன்று பத்துக்கு மேஜைப் போன் அடித்தது.

"எங்க இருக்க?"

"சொல்லுண்ணே."

"எனக்குத் தொண்ணூறுன்னு வந்திருக்கு. வெயிலு மண்டையப் பொளக்குது. பொம்பளையளுக்கு இருபது முப்பதுன்னு வந்து, பாதிப் பேரு பிள்ளையளத் தூக்கிட்டு ஓடையத் தாண்டி மேட்டுக்குப் போயிட்டா. பானை இப்பதான் சூடு ஏறுது. ஒன் ஸ்கிரீன்ல எத்தன?"

"பதினஞ்சு."

"பதினஞ்சுதானா?"

"பதினஞ்சுதாண்ணே. பச்சையிலதான் இருக்கு. பொம்பளைக போனது நல்லதுதான், போகட்டும். ஏறுச்சுன்னா நானே கூப்பிடுதேன்."

"சரி. பொங்கிரட்டும், வாரோம்."

வைத்துவிட்டான். நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு ஓடைகளை நான் அந்த அரை மணி நேரம் சரியாகப் பார்க்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பதினைந்து, பதினைந்து, பதினாறு, பதினைந்து.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு அது தொண்ணூற்றொன்பது ஆனது. இடையில் ஒரு எண்ணும் இல்லை. ஸ்கிரீன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நிமிஷம் பாறையில் பதித்த காதுகளிலிருந்து வருகிற ஓசை, கல் கல்லில் மோதுகிற ஓசை, ஒலிபெருக்கியில் வந்தது. அது செம்பாறையின் கடைசிக் காது. கோயிலுக்கு நூறு மீட்டர் மேலே இருப்பது.

சைரனை அழுத்திவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பத்து முறை செய்தேன்.

பதினொன்று ஐம்பதுக்கு அவனே கூப்பிட்டான். எங்கே இருக்க என்று கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்தான். அண்ணன் உயிரோடு இருந்தான், மைனியும் பிள்ளைகளும் மற்ற எல்லோரும் இக்கரை மேட்டில் இருந்தார்கள். சித்தப்பா மகன் பூலித்துரை இல்லை.

பூலித்துரைக்கு முப்பத்திரண்டு வயது. எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி பரிமாறுவது அவன்தான், யாருக்குப் பாயசம் பிடிக்கும், யாருக்குச் சர்க்கரை என்றெல்லாம் அவனுக்கு மனப்பாடம். மறுநாள் சாயங்காலம், நான்கு கிலோமீட்டர் கீழே, ஒரு வாழைத்தோட்டத்தில் கிடைத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபிறகு அண்ணன் என்னிடம் பேசினான்.

"எல்லாரும் ஒன்னையத்தான் சொல்லுதாவ. பதினஞ்சுன்னு சொல்லி உக்கார வச்சிட்டாளேன்னு. நான் விடல. அவதான் பொறவு திரும்பக் கூப்பிட்டாள்லான்னு சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை.

"நீ கூப்பிட்டதும் எந்திரிச்சுட்டேன் கோமு. அப்பதான் பூலி குளிச்சிட்டு ஈரத்தோட வந்து நின்னான். வாலே போவோம்னேன். நீங்க போங்கண்ணே, பானைய ஆளில்லாம விடக் கூடாதுல்லா, நான் இருக்கேன், பொங்கவும் எறக்கிட்டு வாரேன்னான். இப்பதான பதினஞ்சுன்னீயன்னு சிரிச்சான். நான் ரெண்டாவது சொல்லல. ஒரு தடவதான் கூப்பிட்டேன். இன்னொரு தடவ கூப்பிட்டிருந்தா வந்திருப்பான்."

"நான் எப்பக் கூப்பிட்டேன்?"

"மணி பாத்தேனா? தண்ணி வாரதுக்கு அஞ்சாறு நிமிசம் முன்ன."

அவன் முகத்தைப் பார்த்தேன். கேலியும் இல்லை, குழப்பமும் இல்லை. மைனி உள்ளே கூப்பிட்டாள், போய்விட்டான்.

மறுநாள் பிரம்மநாயகம் சார் அறைக்குப் போனேன். அவர் இந்தப் பதினாறு நாளில் மெலிந்திருந்தார். கமிட்டி போட்டிருந்தார்கள். மேஜையில் பிளாஸ்க் இருந்தது, அவர் அதைத் தொடவில்லை.

"என் மேஜைலிருந்து போன அழைப்பெல்லாம் பதிவாகும்லா சார்? உத்திரத்தன்னைக்கு உள்ளதக் கேக்கணும்."

அவர் பதிவைப் போட்டார். முதலில் அண்ணன் குரலும் என் குரலும். பதினஞ்சுதாண்ணே, பச்சையிலதான் இருக்கு. அதற்குப் பிறகு இன்னொரு அழைப்பு. நேரம் பதினொன்று முப்பத்தொன்று. என் மேஜை எண்ணிலிருந்து அண்ணனுக்கு.

"அண்ணே, நான் கோமு. எந்திரிச்சு இக்கரைக்கு வந்துரு. பானை கெடக்கட்டும். எதுவும் கேக்காத, வா."

என் குரல். அண்ணே என்பதை நான் இழுக்கிற இழுப்பு அதில் இருந்தது. நான் சொல்லியிருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் அந்த நேரத்தில் ஸ்கிரீனில் பதினைந்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கும் நேத்துதான் தெரியும்மா" என்றார் சார். "எண்ணுக்கு அவர் அசையல. தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தொம்பதுன்னு மூணு தடவ அனுப்பியிருக்கு. அசையவே இல்ல. உங்க பேச்சுக்குத்தான் அசைவாருன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவர் உங்களக் கூப்பிட்டதெல்லாம் அது கேட்டுக்கிட்டுத்தான இருந்துச்சு? ஆறு வருஷத்துக் குரல் இருக்கு. எந்த வழியில சொல்லணும்னு அதுவே முடிவு பண்ணிக்கலாம்னு உத்தரவுல ஒரு வரி இருக்கு. நாங்க சைரனா, செய்தியான்னு நெனச்சு எழுதுன வரி."

"அது எங்கிட்டயே உண்மையச் சொல்லியிருக்கலாமே சார். நானே கூப்பிட்டிருப்பேனே."

அவர் பதிவை நிறுத்தினார்.

"உங்ககிட்ட உண்மையச் சொன்னா நீங்க முதல்ல அண்ணனைக் கூப்பிட மாட்டீங்க. சைரன அழுத்துவீங்க. ஆறு வருஷத்துல ஏழு தடவ அழுத்தியிருக்கீங்க, அஞ்சு தடவ தண்ணி வரல. ஒரு தடவ நெரிசல்ல படிக்கட்டுல ஒரு அம்மா விழுந்து செத்துப்போனது நெனவிருக்கா? அன்னைக்குக் கோயிலுக்குக் கீழ படித்துறையில அறுநூறு பேரு. படி ஒன்னரை ஆள் அகலம். கோடாங்கி பத்துப் பத்துப் பேரா ஏத்திக்கிட்டிருந்திருக்கு, ஆளுக்கொரு நம்பர் சொல்லி. நடுவுல சைரன் அடிச்சா என்ன ஆகும்னு அது கணக்குப் போட்டிருக்கு. அதனால நீங்க கை வைக்காத நம்பர் எதுவோ அத உங்களுக்குக் காட்டுச்சு."

"பணி அதிகாரிக்கு அசல்னு நீங்கதான சொன்னீங்க."

"எங்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருந்தாங்க. அன்னைக்கு என் ஸ்கிரீன்ல செம்பாறைக்கு நாப்பத்திரண்டு சதவீதம்."

நான் கேட்டேன்.

"அப்போ அசல் எத்தன சார்?"

"உள்ளே இருக்கும். பாக்கணும்னா யாராவது ஒருத்தர் பாக்கணும். பாத்தா அது அவருக்கான நம்பரா ஆயிடும்."

நான் எழுந்தேன். கதவருகே போனபிறகு ஒன்று ஞாபகம் வந்தது.

"பூலித்துரைக்கு என்ன நம்பர் அனுப்புச்சு?"

"அனுப்பல. அவர் போன் இக்கரை மேட்டுல வேனுக்குள்ள இருந்துச்சு. அதனால அவர் மேட்டுல பத்திரமா இருக்காருன்னு எடுத்துக்கிட்டுது. அதோட கணக்குப்படி அன்னைக்கு மணல்ல கடைசியா இருந்தது உங்க அண்ணாச்சி ஒருத்தர்தான். அவரையும் எழுப்பிட்டு, வேலை முடிஞ்சுதுன்னு பதிவு பண்ணியிருக்கு. சாவு எண்ணிக்கை சைபர்."

குளித்துவிட்டு ஈர வேட்டியோடு அடுப்பு முன்னால் உட்காரப் போகிறவன் போனை எங்கே வைப்பான்? வண்டியில்தான் வைப்பான். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். அறுநூறு பேர் மனசைப் படித்த இயந்திரத்துக்கு இது தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு ஆள் நான். எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பூலித்துரையை உட்கார வைத்த பதினைந்து எனக்கென்று செய்த பதினைந்து. அதை எடுத்து நான்தான் அண்ணனுக்குக் கொடுத்தேன், அண்ணன் அவனுக்குக் கொடுத்தான். இதை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

கமிட்டியில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். கோடாங்கியை நிறுத்திவிடலாமா என்று ஒருவர் கேட்டார். நிறுத்தினால் வருஷத்துக்கு எத்தனை பேர் சாவார்கள் என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு ஒரு எண் வேண்டியிருந்தது. யாரிடம் கேட்பது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அதனிடமே கேட்டார்கள். கோடாங்கி தொடர்ந்தது.

மீதி இருந்தது அண்ணன். அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனேன். என்னிடம் வேறு எண்ணும் கிடையாது, அந்த இரண்டாவது அழைப்பு என்னுடையதும் கிடையாது, இனிமேல் நீ யாரையும் நம்ப வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தேன்.

அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பூலித்துரை போனதிலிருந்து அவன் எதையும் பாதியாக்குவதில்லை என்று மைனி சொல்லியிருந்தாள். டாக்டர் சொன்ன மாத்திரையை முழுதாகச் சாப்பிடுகிறான். செய்தி வந்தால் எழுந்துவிடுகிறான்.

"நீ அன்னைக்கு ஏதோ கேட்டியே" என்றான். "எப்பக் கூப்பிட்டேன்னு. ராத்திரியெல்லாம் அதையே யோசிச்சேன். நீதான கூப்பிட்ட?"

அவன் குரலில் இருந்தது சந்தேகம் இல்லை, பயம். தன்னை எழுப்பியது யார் என்பது தெரியாவிட்டால் அவனால் இனி எதற்கும் எழுந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால் அடுத்த வெள்ளத்தில் என் குரல் வரும்போது அவன் உட்கார்ந்திருப்பான். அந்தக் குரல் என்னுடையதாகவே இருந்தாலும் உட்கார்ந்திருப்பான்.

"நான்தாண்ணே கூப்பிட்டேன்" என்றேன்.

ஆளுக்குத் தக்கபடி சொல்வது எத்தனை சுலபம் என்று அப்போது தெரிந்தது. அண்ணன் தலையாட்டினான். காப்பி வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, பணிக்குப் போக ஸ்கூட்டரில் கிளம்பினேன். தூறல்தான். வழியில் செம்பாறை ஓடையின் தரைப்பாலம். மேலே ஒரு சாண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, தினமும் தாண்டுகிற தண்ணீர். என் போனில் வந்திருந்த செய்தியில் பன்னிரண்டு சதவீதம் என்றிருந்தது. இப்போதெல்லாம் அதை நான் பார்ப்பதோடு சரி. பாலத்தில் ஏற வண்டியைத் திருப்பும்போது போன் அடித்தது. அண்ணன் எண்.

"ஏட்டி கோமு, பாலத்துல ஏறாத. அங்கனயே வண்டிய நிப்பாட்டு."

வண்டியை நிறுத்தினேன். காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். நான்கு நிமிஷம் ஒன்றும் வரவில்லை. எனக்குப் பின்னால் வந்த பால் வண்டிக்காரரும், அவருக்கு என்ன வந்ததோ, நிறுத்தியிருந்தார். பிறகு மேலே வளைவில் ஒரு முழு மரம் வேரோடு நிமிர்ந்தபடி வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் வந்து பாலத்தை எடுத்துக்கொண்டது. பால் வண்டிக்காரர் அம்மா என்று ஒருமுறை சொன்னார்.

இதுவரை அண்ணனிடம் இதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. கேட்டால் அடுத்த முறை நான் நிற்க மாட்டேன்.

கேட்கத் தேவையும் இல்லை. போனை எடுத்ததும் என் அண்ணன் முதலில் எங்க இருக்க என்றுதான் கேட்பான். அன்றைக்குக் கேட்கவில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்பது கூப்பிட்டவருக்குத் தெரிந்திருந்தது. கூப்பிட்டது யார் என்பது பாலத்தில் முன்சக்கரம் ஏறுவதற்கு முன்பே எனக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் நின்றேன்.